மின்மினிக்கு இருட்டு வேண்டும்

2022ஆம் ஆண்டு கோடையில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகப் பகுதியில் மின்மினிகள் பெருந்திரளாகக் கூடி, மரம் மரமாக ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைந்ததை வனத்துறையினர் பதிவு செய்தனர். அப்படியொரு படத்தைப் பார்த்ததும், அங்கே போக அனுமதி உண்டா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சில வாரங்கள் போக மிச்சக் காலமெல்லாம் இந்தப் பூச்சிகள் எங்கே இருந்தன? ஒளிரும் உயிர்களைக் காப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த ஒளியோடு நின்றுவிடுகிறது. அவற்றின் அழிவோ நாம் பார்க்காத இடத்தில் தொடங்குகிறது: ஈர மண்ணில், சருகுக்கு அடியில், ஆற்றங்கரைச் சேற்றில், ஒரு விளக்கும் இல்லாத இரவில். இந்த இடங்களை விட்டுவிட்டு மின்மினியை மட்டும் காப்பாற்ற முடியாது. பல நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை இது. நாம் அதைப் படாமலே தெரிந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

மின்மினி ஒரு வண்டினம். உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. பறந்து ஒளிரும் பருவம் அதன் வாழ்க்கையின் கடைசிச் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முன் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை அது புழுவாக மண்ணில் வாழ்கிறது. அந்தப் புழு பயங்கரமான வேட்டைக்காரன். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நத்தையையும் மண்புழுவையும் கடித்து, நஞ்சைச் செலுத்திச் செயலிழக்கச் செய்து, உடலைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள லாம்ப்ரிஜெரா என்ற பெரிய மின்மினியின் புழு, வாழையையும் பப்பாளியையும் மொட்டையடிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையைத் தின்பதை இலங்கையில் ஆய்வாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறார்கள். வளர்ந்த பூச்சியோ, பல இனங்களில், எதையும் உண்பதே இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே அது துணை தேடி, முட்டையிட்டு, மடிகிறது. ஆகவே நாம் பார்க்கும் ஒளியின் ஒவ்வொரு துளியும் முந்தைய ஆண்டுகளில் மண்ணுக்குள் தின்ற நத்தையிலிருந்து வந்தது. மண் வறண்டால், நத்தை போனால், அந்த மண்ணில் பூச்சிமருந்து இறங்கினால், அதன் விளைவு அடுத்த கோடையிலோ அதற்கடுத்த கோடையிலோதான் தெரியும். அப்போது காரணத்தைத் தேடுகிறவர் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒளி எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால், அதை ஏன் இவ்வளவு எளிதாகக் கெடுத்துவிட முடிகிறது என்பதும் விளங்கும். 1887இல் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு அறிஞர், ஒளிரும் ஒரு கடல் சிப்பியை ஆராய்ந்து, அதற்குள் இரண்டு பொருட்கள் சேர்ந்துதான் ஒளி பிறக்கிறது என்று காட்டினார். எரியும் பொருளுக்கு லூசிஃபெரின் என்றும், அதை எரியத் தூண்டும் நொதிக்கு லூசிஃபெரேஸ் என்றும் பெயரிட்டார். மின்மினியின் வயிற்றில் இவற்றோடு ஆக்சிஜனும், உயிரணுக்கள் அனைத்துக்கும் ஆற்றல் தரும் ஏடிபியும் சேர்கின்றன. வெப்பம் ஏறக்குறைய இல்லாமல் வெளிச்சம் வருகிறது. இந்த வெளிச்சம் முதலில் காதலுக்காகத் தோன்றியதல்ல. அறிந்தவரை எல்லா மின்மினி இனங்களின் புழுக்களும் ஒளிர்கின்றன. தவளைக்கும் பல்லிக்கும் ‘நான் கசப்பானவன், தொடாதே’ என்று சொல்லும் எச்சரிக்கையாகத் தொடங்கி, பிறகு வளர்ந்த பூச்சிகளிடம் அது பேச்சாக மாறியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பேச்சு என்றால் வெறும் உருவகம் இல்லை. எத்தனை வினாடிக்கு ஒருமுறை, எவ்வளவு நீளமாக, எந்த நிறத்தில் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். ஜப்பானின் கென்ஜி மின்மினியில் மேற்குப் பகுதிக் கூட்டம் ஏறத்தாழ 2 வினாடிக்கு ஒருமுறையும், கிழக்குப் பகுதிக் கூட்டம் 4 வினாடிக்கு ஒருமுறையும் ஒளிர்கின்றன. ஒரே இனம், இரண்டு வழக்குகள். அமெரிக்காவின் ஃபோட்டூரிஸ் பெண்பூச்சி வேறோர் இனப் பெண்ணின் பதிலைப் போலவே ஒளிர்ந்து, நம்பி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். பொய் சொல்லுமளவுக்குத் தேர்ந்த மொழி இது.

இப்படிப்பட்ட பேச்சு நடக்கும் இடத்தில் ஒரு தெருவிளக்கை நட்டால் என்ன ஆகும்? பேச்சே கேட்காது. பல இனங்களில் பெண்ணுக்குச் சிறகில்லை. புல்லிலோ கல்லிலோ ஏறி உட்கார்ந்து அது ஒளிர வேண்டும், பறந்து வரும் ஆண் அதைப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் இத்தகைய பெண்பூச்சிகளைச் செயற்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவை இருட்டை நோக்கி நகர்ந்து போகவில்லை. பல பெண்பூச்சிகள் ஒளிராமல் அங்கேயே ஒளிந்துகொண்டன. விளக்கு அணையும் என்று காத்திருப்பது சூரியனுக்குச் சரி. விடியும்வரை எரியும் விளக்குக்கு அது பயன்படாது. எதையும் உண்ணாத பூச்சிக்குக் காத்திருக்கும் ஒவ்வோர் இரவும் உடலில் உள்ள சேமிப்பைக் குறைக்கிறது, இடக்கூடிய முட்டைகளையும் குறைக்கிறது. விளக்கின் அடியில் செத்துக் கிடக்கும் பூச்சி யாருக்கும் தெரியும். சந்திக்காமலே போன இரண்டு பூச்சிகள் யார் கணக்கிலும் வருவதில்லை. இரவின் வெளிச்சமோ பெருகிக்கொண்டே போகிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் விண்மீன்களைப் பார்த்துப் பதிவுசெய்த 50,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்த ஒரு குழு, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு கூடிவருவதாக 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. அந்த வேகத்தில் எட்டே ஆண்டில் இரட்டிப்பாகிவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தெருவிளக்கு ஆடம்பரமல்ல. வேலை முடிந்து வரும் பெண்ணுக்கும், பாம்பு நடமாடும் பாதையில் நடக்கும் விவசாயிக்கும் அது பாதுகாப்பு. பூச்சிக்காக அவர்களை இருட்டில் விடச் சொல்வது அநியாயம் அல்லவா? அநியாயம்தான், அப்படி யாராவது கேட்டால். கேட்பது அதுவல்ல. மனிதர் நடக்கும் பாதையில் விழும் வெளிச்சத்தை யாரும் குறைசொல்லவில்லை. வானத்தை நோக்கியும், யாரும் நடக்காத ஓடைக்கரையை நோக்கியும், பூட்டிய சொகுசு விடுதியின் தோட்டத்திலும் விடிய விடிய எரியும் வெளிச்சத்தால் எவருக்கும் பாதுகாப்பு இல்லை. விளக்குக்கு மேல்மூடி போடுவது, கீழ்நோக்கித் திருப்புவது, ஆள் வந்தால் மட்டும் எரியும்படி செய்வது ஆகியவை மின்கட்டணத்தையும் குறைக்கும் வேலைகள். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். வெள்ளை விளக்கை மாற்றி மஞ்சள் விளக்கு போட்டால் பூச்சிகளுக்கு நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. பல விட்டில்களுக்கு அது சரி. ஆனால் மஞ்சளாகவே ஒளிரும் மின்மினிக்குக் கண்ணும் மஞ்சளுக்கே பழகியது. அமெரிக்காவில் ஆவலன் ஓவன்ஸ், சாரா லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில் பெண்பூச்சிகளை அதிகம் மௌனமாக்கியது பளிச்சென்ற மஞ்சள் விளக்குதான். ஆகவே மின்மினி வாழும் ஓரத்தில் விளக்கின் நிறத்தை மாற்றுவது தீர்வாகாது. அந்தச் சில வாரங்களுக்கு அணைப்பதே தீர்வு.

இருட்டைப் போலவே ஈரமும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் என்ற சிற்றூர் மின்மினிக்கு உலகப்புகழ் பெற்றது. அங்கே பெரெம்பாங் என்ற சதுப்புநில மரங்களில் டெரோப்டிக்ஸ் இன மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதைத் துடுப்புப் படகில் போய்ப் பார்க்கிறார்கள். மரங்களை மட்டும் வேலிகட்டிக் காத்தால் போதுமென்று முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பூச்சியின் புழு மரத்தில் இல்லை. மரத்துக்குப் பின்னால் ஆற்றோரச் சேற்றுநிலத்தில், உப்பும் நன்னீரும் கலந்த ஈரத்தில் வாழும் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகக் கரையைத் திருத்தினாலோ, மேலே அணை கட்டி நீரின் உப்பளவு மாறினாலோ, மரம் அப்படியே நிற்கும், நத்தை போய்விடும், பின்னாலேயே மின்மினியும் போகும். ஜப்பானின் மோரியாமா நகரில் இதே பாடம் இன்னும் முன்பே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மின்மினிகளைப் பிடித்துப் பெருநகரங்களுக்கு விற்பது ஒரு தொழிலாகவே இருந்தது. எண்ணிக்கை குறைவதைக் கண்டு 1924இல் அவற்றை இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். அறிவிப்பு இருந்தது, ஆற்றுநீரைக் காக்க ஏற்பாடு இல்லை. கென்ஜி மின்மினியின் புழு ஓடும் நீருக்குள் வாழ்வது. நீர் கெட்டதும் அது அங்கிருந்து மறைந்தது. பிறகு ஓடைகளைச் சுத்தப்படுத்தி, நத்தையையும் சேர்த்து மீட்டெடுத்த பின்பே மின்மினியைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. வேறு ஊர்களில் பொறுமையில்லாமல் மேற்குப் பகுதி மின்மினிகளைக் கொண்டுவந்து கிழக்கில் விட்டார்கள். 2 வினாடிக் கூட்டம் 4 வினாடிக் கூட்டத்தின் இடத்தில் குடியேறி, உள்ளூர் மரபோடு கலந்து, வேறொரு சிக்கலாக முடிந்தது.

‘குறைந்துவிட்டது என்கிறீர்கள், எண்ணிப் பார்த்தீர்களா? பாட்டி காலத்தில் நிறைய இருந்தது என்ற நினைவு ஆதாரமாகுமா?’ என்று ஒருவர் கேட்டால் அது சரியான கேள்வி. நினைவு ஆதாரமாகாது. நல்லவேளையாகச் சில இடங்களில் எண்ணியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் 2001 முதல் 2018 வரை ஒரே பாதைகளில் ஆண்டுதோறும் நடந்து ஒளிரும் பெண்பூச்சிகளை எண்ணினார்கள். எண்ணிக்கை நான்கில் மூன்று பங்கு குறைந்திருந்தது. அங்கே முதன்மைக் காரணங்களாகத் தெரிந்தவை புதர் மண்டிப் போன புல்வெளிகளும், வறண்டு சூடேறிய கோடைகளும். மண்ணின் ஈரம் என்ற அதே இடத்துக்குத்தான் இதுவும் நம்மைக் கொண்டுவருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 132 மின்மினி இனங்களை மதிப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், 18 இனங்கள் அழிவு அபாயத்தில் இருப்பதாகத் தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்ட இனங்களைப் பற்றி முடிவு சொல்லவே போதிய தகவல் இல்லை. தகவல் இல்லை என்பதை ஆபத்து இல்லை என்று படிப்பது தவறு. பணமும் ஆளும் உள்ள நாடுகளிலேயே பாதி இனங்கள் கணக்கில் வராமல் இருக்கும்போது, நம் மலைகளின் இனங்கள் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்ள எந்த அடிப்படையும் கிடையாது.

இன்னொரு மறுப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. மின்மினியால் மனிதருக்குக் கிடைத்த பயன் அனைத்தையும் எடுத்தாகிவிட்டது, இனி அது இருந்தால் என்ன போனால் என்ன என்பது அதன் சாரம். இதற்குப் பின்னால் பெரிய வரலாறு உண்டு. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்எல்ராய், மின்மினி ஒளிர ஏடிபி வேண்டும் என்று கண்டறிந்தார். உயிருள்ள எதிலும் ஏடிபி உண்டு என்பதால், மின்மினிச் சாறு ஒளிர்ந்தால் அங்கே கிருமியோ வேறு உயிர்ப்பொருளின் மிச்சமோ இருக்கிறது என்று பொருள். உணவுத் தொழிற்சாலைகளில் தூய்மையைச் சோதிக்கும் முறை அப்படிப் பிறந்தது. இதற்காக அமெரிக்காவில் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் சிறுவர்களுக்குக் காசு கொடுத்து ஆண்டுக்கு 30 லட்சம் மின்மினிகள்வரை வாங்கியது. 1985இல் லூசிஃபெரேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகு பூச்சியைக் கொல்லாமலே அந்த நொதியைத் தயாரிக்க வழி பிறந்தது. கடலிலும் இதே கதை. ஒசாமு ஷிமோமுரா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ 8,50,000 ஒளிரும் சொறிமீன்களைச் சேகரித்துத்தான் அவற்றின் ஒளியின் வேதியியலை அறிந்தார். அப்போது கிடைத்த பச்சைப் புரதம் இன்று உயிரணுவுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க உதவுகிறது. அதற்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சொறிமீனை ஆராயத் தொடங்கியபோது இப்படியொரு பயன் வருமென்று அவருக்கே தெரியாது. காளான்கள் ஒளிரும் வேதிவழி முழுவதுமாகப் புரிந்ததே 2018இல்தான். அடுத்த சில ஆண்டுகளில் அந்த மரபணுக்களைக் கொண்டு தானே ஒளிரும் செடியை உருவாக்கிவிட்டார்கள். எடுத்தாகிவிட்டது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இன்னொன்று கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பயன் என்ற அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. அதோடு, ஆய்வுக்கூடக் குப்பியில் உள்ள நொதி வாழைத்தோட்டத்து நத்தையைத் தின்னாது.

கடலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஒளிர்வதெல்லாம் நலத்தின் அடையாளம் அல்ல. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அதற்குக் காரணமான நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிர், கடல்நீரில் சத்துப்பொருட்கள் மிகும்போது பெருகுவது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே உயிர் பச்சைப் படலமாகப் பெருகியது. பாம்பன், மண்டபம் பகுதி மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது இதைத்தான். ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கின. இந்த ஒளியைப் பாதுகாக்கும்படி யாரும் கேட்க முடியாது. கழிவுநீரைக் கடலில் விடாதே என்றுதான் கேட்க முடியும். புவேர்ட்டோ ரிகோவின் வியேகஸ் தீவில் உள்ள மஸ்கீட்டோ விரிகுடா இதற்கு நேர்மாறானது. குறுகிய வாயும், சுற்றிலும் அலையாத்திக் காடும் கொண்ட அந்த விரிகுடாவில் பைரோடினியம் என்ற நுண்ணுயிர் நிலையாக வாழ்ந்து, துடுப்பு படும் இடமெல்லாம் ஒளிர்கிறது. அங்கே காக்கப்படுவது அலையாத்தியும் நீரின் தூய்மையும். குளிப்பதற்குத் தடை இருக்கிறது. 2017இல் மரியா புயல் அடித்து ஒளி மங்கியது, காடும் கரையும் இருந்ததால் மறுபடி வந்தது. இரண்டு இடங்களிலும் ஒளி ஒன்றுபோலத் தெரிந்தாலும், நீரின் நிலை வேறு. ஒளிரும் உயிர்களைக் காப்பது என்றால் ஒளியை அளப்பதல்ல, அது நிற்கும் நீரையும் நிலத்தையும் அளப்பது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஆழ்கடல் தனிக் கட்டுரைக்கு உரியது. கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் 17 ஆண்டு ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, பார்த்த உயிர்களில் 76 விழுக்காடு ஒளிரக்கூடியவை என்று தெரிந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம். கடலடியைத் தோண்டிக் கனிமம் எடுக்கத் திட்டமிடுகிறவர்கள், வெளிச்சத்தாலேயே பேசிக்கொள்ளும் அந்த உலகில் புழுதியைக் கிளப்பப் போகிறார்கள்.

அப்படியானால் மக்கள் போய்ப் பார்க்கவே கூடாதா? பார்க்காத ஒன்றைக் காக்க யாரும் குரல்கொடுப்பதில்லை, ஆகவே கதவை அடைப்பது தவறு. ஆனால் மகாராஷ்டிரத்தின் பண்டார்தரா பகுதியில் மழைக்கு முந்திய வாரங்களில் மின்மினி பார்க்கக் கார்கள் வரிசைகட்டுவது நமக்கு எச்சரிக்கை. முகப்பு விளக்கும் கைப்பேசி விளக்கும் பேச்சை மறைக்கின்றன. வழியைவிட்டு இறங்கும் கால்கள் புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண்பூச்சியையும், மண்ணில் உள்ள அடுத்த ஆண்டின் புழுவையும் மிதிக்கின்றன. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா, மின்மினிக் காலத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்த வண்டிகளை மட்டுமே உள்ளே விடுகிறது. நியூசிலாந்தின் வைட்டோமோ குகையில், பார்வையாளர்களாலும் காற்றோட்ட மாற்றத்தாலும் 1970களின் பிற்பகுதியில் ஒளிர்புழுக்கள் மங்கியபோது குகையைச் சில மாதங்கள் மூடினார்கள். இன்று உள்ளே காற்றின் கரியமில வாயு அளவைத் தொடர்ந்து கண்காணித்தே ஆட்களை அனுமதிக்கிறார்கள். அந்த ஊர் இன்றும் அந்தக் குகையால் பிழைக்கிறது. கட்டுப்பாடு வருமானத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு அதுவே பதில்.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரும்பாலும் செலவில்லாதவை. லடாக்கின் ஹான்லேயும் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகமும் இரவு வானைக் காக்கும் பகுதிகளாகிவிட்டன. கொல்லிமலையில் அத்தகைய பூங்கா அமைக்கத் தமிழக அரசும் அறிவித்திருக்கிறது. விண்மீன்களுக்காக அங்கே எழுதப்படும் விளக்கு விதிகளை, ஆனைமலை, வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப்பகுதி விடுதிகளுக்கும் சாலைகளுக்கும், மின்மினி பறக்கும் வாரங்களுக்காவது நீட்டிக்கலாம். ஓடைக்கரையிலிருந்து சில மீட்டர் அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல், பூச்சிமருந்து தெளிக்காமல் விட்டுவைப்பதைத் தேயிலை, காப்பித் தோட்டங்களிடம் கேட்கலாம். நத்தைத் தொல்லையால் அவதிப்படும் தோட்டக்காரருக்கு அது தொண்டு அல்ல, தன் நலமும் அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ணத் தொடங்க வேண்டும். எஸெக்ஸில் செய்ததற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை: ஒரே பாதை, ஒரே பருவம், ஆண்டுதோறும் நடை. மலையடிவாரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வனத்துறை அனுமதியோடு இதை எடுத்துச் செய்யலாம். பறக்கும் பூச்சிகளோடு நிறுத்தாமல், அதே பாதையில் மண்ணின் ஈரத்தையும், நத்தைகளையும், கண்ணில் படும் விளக்குகளையும் அதே ஏட்டில் குறித்துவந்தால், எண்ணிக்கை குறையும் ஆண்டில் எந்த விளக்கை அணைப்பது, எந்த ஓடையை மீட்பது என்பதையும் அந்த ஏடே சொல்லிவிடும்.